சத்தம் இல்லாத கடைசி அரைமணி

டுலூத், மின்னசோட்டா
மார்ச் 9, 2003

அன்புள்ள தம்பி டுவெய்னுக்கு,

அக்கா ஆர்லீன் எழுதுவது. இங்கே நானும் வீடும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நிற்கிறோம். ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அரிசோனா வெயிலில் ஊரார் வீட்டுக் கூரைமேல் ஏறி ஏ.சி. மெஷின் பழுதுபார்ப்பவன் தன் முதுகையும் கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டும். ஃபோனில் கேட்டிருக்கலாமே என்பாய். நம் வீட்டாருக்கு ஃபோனில் வானிலையைத் தாண்டிப் பேச்சு வராது. அதனால் கடிதம்.

போன வாரம் கீழறையில் கிடந்த அப்பாவின் பழைய டி.வி.யை ஒருவழியாக வெளியேற்றினேன். பக்கத்து வீட்டு ஆர்வோதான் வந்து தூக்கினார். தபால் பை சுமந்தே ஓய்வு பெற்ற மனிதர், அவருக்கே மூச்சு வாங்கியது. "என்னம்மா இது, ஏரிக்கரைக் கல்லையெல்லாம் உள்ளே போட்டு வெச்சிருக்கீங்களா?" என்றார். நான் சொன்னேன், "கல்லு இல்ல, செவ்வாய்க்கிழமை எல்லாம் உள்ளே இருக்கு."

நினைவிருக்கிறதா? செவ்வாய் ஏழரைக்கு டி.வி.க்காகவே எடுத்த படம். தியேட்டருக்கு வராது, ஒருமுறை போட்டால் போட்டதுதான். நீயும் நானும் தரையில் குப்புறப் படுத்திருப்போம். எட்டரை ஆனதும் அப்பா எழுந்து சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். விடியுமுன் ரொட்டி வண்டி ஓட்டப் போகிறவர் தூங்க வேண்டாமா? நமக்கு மறுநாள் பள்ளிக்கூடம், மாடிக்கு ஓட வேண்டும். அம்மா மட்டும் இஸ்திரி போட்டபடி மீதி அரைமணியைச் சத்தமில்லாமல் பார்ப்பாள். காலையில் ஓட்ஸ் கஞ்சியோடு நமக்கு முடிவைச் சொல்வாள். நம் பிள்ளைப்பருவத்துப் படங்களுக்கெல்லாம் முடிவு கஞ்சி வாசனையில்தான் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன். பாலைவனத்துக் காபிக்கடைப் படம் ஒன்று வந்ததே, அதை எங்காவது தேடிப் பிடித்துக் கொடு. அந்த மாதிரிப் படங்களை டேப்பில் பதிந்து வைத்திருக்கும் பைத்தியங்களோடு உனக்குப் பழக்கம் உண்டு என்று சொல்லியிருக்கிறாய். இந்த வருஷத்துக்குள் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏன் இந்த வருஷம் என்று கேட்காதே, தோன்றுகிறது.

சர்க்கரைக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார். கேக்கை மறந்துவிடு என்கிறார். மற்றபடி குறையில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ஆர்லீன்


டூசான், அரிசோனா
மார்ச் 24

அன்பு அக்காவுக்கு,

டுவெய்ன். முதுகு அப்படியேதான் இருக்கிறது, குணமும் அப்படியேதான். உன் சர்க்கரை எண் எவ்வளவு என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

பைத்தியம் என்று நீ சொன்னவர்களில் நானும் ஒருவன். என் வீட்டுக் கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இப்போது டேப்தான் அடுக்கியிருக்கிறது. ஜூடி என்னை விட்டுப் போனபோது, "ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் பேய்வீட்டுப் படங்க இருக்கணும்" என்றாள். படங்கள் இருக்கின்றன.

நீ கேட்கும் படத்தை நான் மறப்பேனா? நான் பாலைவனத்துக்குக் குடிவந்ததே அந்தப் படம் பிடித்துத் தள்ளியதால்தானோ என்று சில நாள் தோன்றும். சாலையோரக் காபிக்கடை. பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி தனியாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். மணற்புயலில் ஃபோன் கம்பி அறுந்துவிடுகிறது. (அந்தக் காலத்துப் படங்களில் ஒருத்தி தனியாக இருந்தால் ஃபோன் கம்பி அறுந்தே ஆக வேண்டும்.) சட்டைக்கையில் ரத்தத்தோடு ஒருவன் வருகிறான். சிறையிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டான் என்று ரேடியோ சொல்கிறது. "நான் அந்தக் கொலையைச் செய்யல" என்கிறான். அவள் நம்பிவிடுகிறாள். அவனைக் குளிர்ப்பெட்டி அறையில் ஒளித்து வைக்கிறாள். ஜன்னலில் போலீஸ் கார் விளக்கு சுழல்கிறது. கதவுப்பிடியில் ஒரு கை. விளம்பரம். அப்புறம் அப்பா.

மறுநாள் காலை அம்மா சொன்னதும் அப்படியே காதில் இருக்கிறது. சரியான இடத்தில் நிறுத்திவிட்டுப் பானையின் அடியைச் சுரண்டுவாள். அதுதான் அவளுடைய விளம்பர இடைவேளை. நான் துடித்துப் போவேன். "சொல்லும்மா." "பாலை ஊத்திக்கோ, சொல்றேன்." விடியற்காலை பஸ் வருகிறது, அவன் ஏறுகிறான், அவள் காபிக் கெண்டியோடு வெளியே ஓடி வருகிறாள். ஜன்னல் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். "ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்னு சொல்றான். அவ சிரிச்சுக்கிட்டே உள்ளே போய் மறுபடி காபி போட்டு வெக்கிறா. அவ்வளவுதான், ஸ்கூலுக்குக் கிளம்புங்க."

அதிலிருந்து நம் வீட்டில் யார் வாசலைத் தாண்டினாலும் அம்மாவுக்கு அதே பேச்சு. பால் வாங்கப் போனாலும், "ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடு." நான் ஊரைவிட்டுக் கிளம்பி பஸ் ஏறினபோதும் அதையேதான் சொன்னாள். எந்த ஞாயிறு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தேடுகிறேன். எங்கள் கூட்டத்துக்கு என்று ஒரு சின்னப் பத்திரிகை இருக்கிறது, அதில் விளம்பரம் கொடுக்கிறேன். பெயர் தெரியாத படத்தைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. ஆனால் இந்த ஊசி நம் வீட்டு ஊசி.

அது சரி, ஏன் இவ்வளவு பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறாய்? நான் அவ்வளவு கிழவனாகிவிடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

டுவெய்ன்


டுலூத்
ஏப்ரல் 20

அன்புள்ள டுவெய்னுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இன்று ஈஸ்டர். ஆர்வோ புகைபோட்ட மீன் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுத் துணைக்கு அந்த மனிதர் இருப்பது நல்லதாகிவிட்டது.

கோட்டு பச்சை இல்லை, சிவப்பு. நம் டி.வி. கறுப்பு வெள்ளைதானே, உனக்கு எப்படிப் பச்சை தெரிந்தது என்று கேட்காதே, எனக்கு எப்படிச் சிவப்பு தெரிந்தது என்று நான் சொல்ல வேண்டிவரும். நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால். நான் பிடித்ததற்கும்தான்.

எழுத்து பெரிதாக இருப்பதற்குக் காரணம் புதுப்பேனா. தடிமனான முனை.

கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். இந்த மலைச்சரிவுத் தெருக்களில் பனி இருக்கும்வரை எதற்கு வம்பு. துணிக்கடை வேலையையும் கொஞ்ச நாள் விட்டிருக்கிறேன். முழம் போட்டுத் துணி வெட்டி அலுத்துவிட்டது.

நேற்று மாடிப்படியில் உட்கார்ந்து ஒன்று நினைத்தேன். எட்டரைக்குப் பிறகு நீ தூங்கப் போய்விடுவாய். நான் படியிலேயே உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து டி.வி. தெரியாது. எதிர்ச்சுவரில் நீல வெளிச்சம் ஆடுவது மட்டும் தெரியும். வெளிச்சம் வேகமாக ஆடினால் துரத்துகிறார்கள், நின்றால் அழுகிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வேன். அம்மாவின் இஸ்திரிப் பெட்டி அழும் இடத்தில் நின்றுவிடும். அந்தப் படத்தின் கடைசியில் அது ரொம்ப நேரம் நின்றது, டுவெய்ன். துணி கருகிவிடுமோ என்றுகூட நினைத்தேன்.

படம் கிடைத்ததா?

ஆர்லீன்


டூசான்
மே 31

அன்பு அக்காவுக்கு,

நலமா? இங்கே நூறு டிகிரிக்குமேல் போய்விட்டது. ஊர் முழுக்க ஏ.சி. மெஷின்கள் ஒன்றாகச் சாகின்றன. எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

இத்தோடு ஒரு டேப் அனுப்பியிருக்கிறேன். கன்சாஸிலிருந்து ஒரு ஆசாமி, "உங்க காபிக்கடைப் படம் இதுதான் சார், என் தலையை அடகு வெக்கிறேன்" என்று எழுதினார். பார்த்தேன். காபிக்கடை இருக்கிறது, பாலைவனம் இருக்கிறது, ஆனால் ஒரு சின்ன விமானம் கடைக்குப் பின்னால் விழுகிறது. நமக்கு விமானம் நினைவில்லை. ஆனாலும் எனக்கு அப்போது ஒன்பது வயது, உனக்குத்தான் விவரம் தெரியும். அந்த நடிகை அதே முகமா என்று பார்த்து எழுது. கடையின் கதவு இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் பார்.

விளம்பரங்களைக்கூட வெட்டாமல் பதிந்திருக்கிறார், தலையை அடகு வைத்தவர். தரைமெழுகு விளம்பரத்தில் அந்தப் பெண்மணி முழங்கால் போட்டுத் தரையில் தன் முகத்தைப் பார்க்கும் இடத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். படத்துக்கு அழாதவன் தரைமெழுகுக்கு அழுதேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

சர்க்கரை எண் எங்கே?

டுவெய்ன்


டுலூத்
ஜூன் 22

அன்புள்ள டுவெய்னுக்கு,

நலம். டேப் வந்தது. நல்ல படம். ஆனால் இது அதில்லை. அவள் குரல் இப்படி இருக்காது. நம்மவள் கொஞ்சம் கரகரப்பாகப் பேசுவாள், சளி பிடித்தவள் மாதிரி. இவள் கிளி மாதிரி பேசுகிறாள்.

கதவு எந்தப் பக்கம் என்று கவனிக்கவில்லை.

லைலாக் பூத்திருக்கிறது, வாசலைத் திறந்தால் வாசனை. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

ஆர்லீன்


டூசான்
ஜூலை 13

அக்காவுக்கு,

நலம் என்று நீ எழுதுவதை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் நான் அனுப்பிய இரண்டாவது டேப்புக்கும் பதில் வந்தது. நான் கேட்டது என்ன, நீ எழுதியது என்ன? முகம் அதேதானா என்று கேட்டேன். "ரேடியோக்காரன் குரல் சரியாயில்லை" என்று ஒரு வரி. கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பச்சையா சிவப்பா என்று என்னோடு சண்டை போட்டவள் நீ. கலர் படம் அனுப்பினேன், அதில் அவள் மஞ்சள் கோட்டுப் போட்டிருக்கிறாள். நீ சிரித்திருக்க வேண்டாமா?

நேராகவே கேட்கிறேன். டேப்பைப் போட்டுவிட்டு நீ அடுப்படியில் வேலை பார்க்கிறாய், அப்படித்தானே? நீ கேட்டாய் என்றுதானே நாலு மாகாணத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசையில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடு. கண் இருக்கிறதல்லவா, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தேய்ந்தா போய்விடும்?

வெயில் என்னைப் பேசவைக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் பதில் எழுது.

டுவெய்ன்


டூசான்
ஆகஸ்ட் 24

அன்பு அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதத்துக்காக என்னை நாலு அடி அடித்துவிடு. ஃபோன் செய்தேன். "இங்க மழை" என்றாய், "இங்க வெயில்" என்றேன், அதோடு முடிந்தது. நம் பரம்பரை அப்படி.

அக்கா, படம் கிடைத்துவிட்டது.

நெப்ராஸ்காவில் ஒரு டி.வி. நிலையத்தில் வேலை பார்த்த அம்மாளின் பரணில் இருந்ததாம். முதல் காட்சியிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கடை, புயல், ரேடியோ, எல்லாம் அப்படியே. கோட்டு சாம்பல் நிறம், நாம் இருவருமே தோற்றோம். எட்டரை மணிக் காட்சி வந்ததும், கதவுப்பிடியில் கை வந்ததும், எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவன் அப்பாவின் காலடி கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

கடைசி அரைமணியையும் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். டேப்பை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு நீ முதலில் எழுது. இரண்டு நாளாக எனக்கு மனசு சரியில்லை, அது மட்டும் சொல்கிறேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

டுவெய்ன்


டுலூத்
செப்டம்பர் 14

அன்புள்ள டுவெய்னுக்கு,

அக்கா சொல்ல ஆர்வோ எழுதுவது. மணிக்கட்டு பிசகிவிட்டது, அதனால் அவர் கை. நான் நலம். உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே உன் வாய் அப்படித்தான்.

டேப் வந்தது. மிகவும் சந்தோஷம். ஆனால் டெக் பழுதாகிவிட்டது, அதனால் இன்னும் பார்க்கவில்லை. பார்த்ததும் எழுதுகிறேன். அவசரப்படுத்தாதே.

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன என்று ஆர்வோ சொல்கிறார். முதுகுக்குக் களிம்பு தடவிக்கொள்.

ஆர்லீன்

தம்பி, கீழே இருப்பதை உங்கள் அக்கா சொல்லி நான் எழுதவில்லை. உறையை ஒட்டுமுன் என் பாட்டுக்குச் சேர்க்கிறேன். ஆயுசு முழுக்க அடுத்தவர் தபாலில் கை வைக்காத ஆள் நான், இந்த ஒரு தடவை மன்னிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுவிட்டது. வசந்தத்திலேயே நடுப்பார்வை போய்விட்டது. இரண்டு தடவை லேசர் வைத்தார்கள். இப்போது ஓரத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். உங்கள் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். ஜூலை மாதத்துக் கடிதத்தில் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன், எந்த வரி என்று உங்களுக்கே தெரியும். "அவனுக்கு எழுதிடாதீங்க. வீட்டை வித்துட்டு என்னை அந்த வெயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவான். இந்த வீட்டுப் படியெல்லாம் என் காலுக்குத் தெரியும்" என்கிறார். பார்வை இருக்கும்போதே அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் உங்களைத் தேடச் சொன்னார். படம் வந்தது, பார்வை நிற்கவில்லை. ஆர்வோ கின்னுனென்.


டூசான்
செப்டம்பர் 22

மரியாதைக்குரிய ஆர்வோ அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலம் என்று நம்புகிறேன். இதை அக்காவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அக்டோபர் முதல் வாரம் வருகிறேன், டெக்கை நானே சரிசெய்கிறேன், அதுவரை டேப்பைத் தொடாதே என்று அதில் எழுதியிருக்கிறது. கண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவளாகச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

நீங்கள் விட்டுவிட்டுப் படித்த வரிக்கு என் நன்றி. அதை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உங்களிடம் சொல்கிறேன். அந்தப் படத்தின் முடிவு எங்கள் அம்மா சொன்ன முடிவு இல்லை. பஸ் ஜன்னலில் அந்தப் பெண் சொல்வது இதுதான்: "போயிடு. யார் கேட்டாலும் உன்னைப் பார்த்ததே இல்லைம்பேன். இந்தப் பக்கம் திரும்பி வராதே." அவன், "சரி" என்கிறான். போலீஸ்காரன் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் அவள் வாடிக்கைக்காரனை வழியனுப்புகிற மாதிரி சிரித்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ் போய்விடுகிறது. படம் முடிந்துவிடுகிறது.

எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு நாள் பொறுத்துத்தான் உறைத்தது, அம்மா பார்த்தது சத்தமில்லாத படம். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மறுபடி போட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே குனிகிறான். அவள் சிரிக்கிறாள், கண் நிறைந்திருக்கிறது. ஏதோ சொல்கிறாள். அவன் தலையாட்டுகிறான். அவள் காபிக் கெண்டியோடு உள்ளே போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொன்னவனைத் தவிர வேறு யாரையும் அதில் பார்க்க முடியாது, ஆர்வோ. அம்மா பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்கு இனிமேல் காதுதான். அந்தப் பெண் "திரும்பி வராதே" என்பது அவள் காதில் விழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு என்பது எங்கள் வீட்டு வாசலில் அம்மா சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வீட்டில் இருக்கிறாள். நான் வரும்வரை டெக் பழுதாகவே இருக்கட்டும்.

டுவெய்ன் ஹல்வர்சன்


டுலூத்
நவம்பர் 2

அன்புள்ள தம்பி டுவெய்னுக்கு,

உன் அக்கா, தன் கையால் எழுதுவது. ஆர்வோ அட்டையில் நீளநீளமாகச் சந்து வெட்டிக் கொடுத்திருக்கிறார். காகிதத்தின்மேல் வைத்து, சந்துக்குள் பேனாவை ஓட்டினால் வரி கோணாது. எங்காவது ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் நீயே பிரித்துப் படித்துக்கொள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு முதுகு எப்படி இருக்கிறது? நான் நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன், சர்க்கரை நூற்று நாற்பது.

நீ வந்த முதல் நாளே என் கண்ணைப் பற்றி உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காபியைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து, "கடிகாரத்துல பன்னண்டு மணிப் பக்கம்னு வெச்சுக்கோ, அங்க கப்பு இருக்கு" என்றாயே. பார்வை உள்ளவளிடம் யார் அப்படிப் பேசுவார்கள்? ஆர்வோ உளறியிருக்கிறார். அவர் கொண்டுவரும் மீனை ஒரு வாரம் சாப்பிட மறுத்துத் தண்டனை கொடுத்தேன். வீட்டை விற்கச் சொல்வாய் என்று பயந்திருந்தேன். நீயோ மாடிப்படிக் கைப்பிடியை இறுக்கிவிட்டு, படி ஓரத்தில் சொரசொரப்பாக நாடா ஒட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாய். அதற்கு நன்றி சொன்னேனோ இல்லையோ, இப்போது சொல்கிறேன்.

இனி படத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் படம் ஓடிய அந்த ஒரு மணி நேரத்தை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன். "இப்ப அவ கண்ணாடியைத் துடைக்கிறா. இப்ப வெளியே மணலு சுத்துது" என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். தரையில்தான் உட்கார்ந்திருந்தோம். உனக்கு முட்டி வலித்தது, நீ சொல்லவில்லை, முட்டி சொன்னது.

கதவுப்பிடியில் கை வந்தது. அப்போது சத்தம் நின்றது. "ஐயோ, டேப்பு தேஞ்சு போச்சுக்கா. இதுக்கு மேல சத்தம் வராது. நான் பார்த்துச் சொல்றேன்" என்றாய்.

டுவெய்ன், எனக்குக் கண்தான் போயிற்று. நீ குமிழைத் திருகிய சத்தம் எனக்குக் கேட்டது. டேப் எங்கும் தேயவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், டெக் ஒருநாளும் பழுதாகவில்லை. நீ அனுப்பிய டேப் வந்த அன்றே, ஆர்வோ வீட்டுக்குப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டேன். மறுநாளும் கேட்டேன். பஸ் ஜன்னலில் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். கேட்டதும், அம்மா அத்தனை வருஷம் வாசலில் நின்று சொன்னது வெறும் காற்றா என்று இருந்தது. உனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் டெக்மேல் பழியைப் போட்டேன். உன் காதில் மறுபடி விழ வேண்டாம் என்று நான் மறைக்கிறேன். என் காதில் விழ வேண்டாம் என்று நீ ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டி வந்து குமிழைத் திருகுகிறாய்.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். வாயைத் திறந்துகூட விட்டேன். அதற்குள் நீ சொல்லத் தொடங்கிவிட்டாய். பஸ் வருது, அவன் ஏறுறான், அவ ஓடி வர்றா. அங்கே நிறுத்திவிட்டுக் காபியை உறிஞ்சினாய். நான், "சொல்லுடா" என்றேன். "இரு, ஆறிப் போகுது, குடிச்சுட்டுச் சொல்றேன்" என்றாய். அம்மா பானையைச் சுரண்டிய இடம் அது. அதற்கு மேல் நான் எப்படிக் குறுக்கே பேசுவேன்? டி.வி. பக்கம் வெளிச்சம் ஆடாமல் நின்றது. என் கண்ணின் ஓரத்தில் அது மட்டும் தெரிந்தது, மாடிப்படியிலிருந்து தெரிந்த மாதிரியே. நீ, "ஞாயித்துக்கிழமை வந்துடுவேங்கிறான்" என்றாய். நான் நம்பினேன். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினேன். அம்மா படத்தைப் பார்த்தாள், சத்தம் இல்லை. எனக்குச் சத்தம் வந்தது, படம் இல்லை. இரண்டையும் பார்த்தவன் நம் வீட்டில் நீ ஒருவன்தான். நீ எதைச் சொல்கிறாயோ அதுதான் முடிவு.

இன்னும் ஒன்று. நீ கிளம்பிய அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாய். ஆர்வோ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஜன்னல்கிட்ட குனிஞ்சு ஏதோ சொல்றார் உங்க தம்பி" என்றார். "என்ன சொல்றான்?" என்றேன். "கண்ணாடி மூடியிருக்கு, கேக்கலையே" என்றார். எனக்கும் இஞ்சின் சத்தம்தான் கேட்டது. உன் முகமும் தெரியவில்லை. சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருப்பாய், அல்லது ஆர்வோவுக்கு ஏதாவது சொல்லியிருப்பாய். இருக்கட்டும். நான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, காபி போட்டு வைத்தேன்.

எந்த ஞாயிறு என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
ஆர்லீன்